வெண்கலக் குரலும் ஒரு புட்டி மாத்திரையும்

1

மனித நாகரிகத்தின் வரலாறு என்பது, செரித்தவற்றுக்கும் செரிக்காதவற்றுக்கும் இடையே ஓயாமல் நடந்துவரும் பெரும்போரின் வரலாறே.

இப்படித்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே ரசித்துக்கொண்டிருந்தேன். கல்லில் வெட்டி வைக்கலாம் போலிருந்தது. பிறகு ஓர் ஏப்பம் வந்தது; மயக்கம் தெளிந்தது.

உண்மையைச் சொன்னால், கதை பிறந்தது ஒரு மருந்துக்கடை வரிசையில். எனக்கு முன்னால் நின்றவர், அரியணையில் இருந்து ஆணையிடுகிற குரலில், "வயித்துக்குள்ள கடமுடான்னு ஒரே சத்தம். ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். கடையே திரும்பிப் பார்த்தது. இந்தக் குரலுக்கு இப்படியொரு வயிறா என்று எனக்குத் தாங்கவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

அவருக்கு ஒரு பெயர் வேண்டுமே. கம்பீரமாக ஒன்று வைத்துப் பார்த்தேன், வயிற்றோடு ஒட்டவில்லை. தொழிலில் இருப்பவர்கள் கூப்பிடுகிற மாதிரி வெண்கலம் என்றே இருக்கட்டும்.

வெண்கலத்தின் தொழில் ஒலிப்புத்தகம் வாசிப்பது. ஒலிப்பதிவு செய்பவன் அவர் மனைவியின் தம்பி. ஆகவே அந்த அறையில் வெண்கலத்துக்குக் கிடைக்கிற மரியாதை 'அத்தான்' என்ற சொல்லோடு தீர்ந்துவிடும்.

அறையில் மின்விசிறி கிடையாது, சத்தம் போடும். நாற்காலி கிறீச்சிடும் என்று அவர் நின்றுகொண்டே வாசிப்பார். கைக்கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வருவார். வெளியே வைத்துவிட்டு வர முடியாதது வயிறு ஒன்றுதான்.

இப்போது கையிலிருப்பது ஒரு சரித்திர நாவலின் கடைசி அத்தியாயம். அரசன் சாகிறான். நாவலாசிரியர் அவனைச் சட்டென்று சாக விடவில்லை. ஒரு வாக்கியம், ஒரு மௌனம்; மறுபடி ஒரு வாக்கியம், அதைவிட நீளமான மௌனம். ஒவ்வொரு மௌனத்திலும் வெண்கலத்தின் வயிறு தன் கருத்தைச் சொன்னது.

"அத்தான், ராஜா செத்துட்டாரு, சரி. பக்கத்துல யாரோ பாத்திரம் தேய்க்கிறாங்களே, அது யாரு?"

"மறுபடி எடுடா."

"எத்தனை தடவைதான் அந்த மனுஷனைச் சாகடிப்பீங்க?"

பதிப்பாளர் அம்மாள் அதிகம் பேசுகிறவர் இல்லை. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்த அத்தியாயம் சுத்தமா என் கைக்கு வரணும் சார். வரலேன்னா முழுப் புத்தகத்தையும் கணினிக் குரல்ல போட்டுடுவேன். அதுக்கு வயிறே கிடையாது பாருங்க" என்றார்.

தன்னைவிட நல்ல குரலிடம் தோற்றால் வெண்கலம் தாங்கிக்கொள்வார். வயிறே இல்லாத ஒன்றிடம் தோற்பது என்றால்... (இந்த வாக்கியத்தை உருக்கமாக முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. விட்டுவிட்டேன்.)

3

இப்போது மருந்துக்கடை. கடைக்காரப் பெண் கேட்டாள்: "பால் குடிச்சா வருதா சார்?"

"பால் என் குரலுக்கு ஆகாரம்மா. தினமும் விடியக்காலை ஒரு பெரிய டம்ளர், வெதுவெதுன்னு."

"அது குரலுக்கு. வயித்துக்கு ஒத்துக்குதா?"

வெண்கலம் யோசித்தார். வயிற்றை அவர் எதுவும் கேட்டதில்லை.

"இதைப் போட்டுப் பாருங்க. பாலைச் செரிக்க வைக்கிற என்சைம். எப்படிப் போடணும்னு புட்டியிலயே இருக்கு, படிச்சுக்குங்க. சரியாகலேன்னா டாக்டரைப் பாருங்க."

[பக்கக் குறிப்பு: இந்த இடத்தில் நொதிகளைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். கத்தரிக்கோல், பூட்டு, சாவி என்று உவமைகள் வரிசையில் நின்றன. எல்லாவற்றையும் அடித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: பாலில் இருக்கிற சர்க்கரையை உடைக்க உடம்பில் ஒரு நொதி சுரக்கும், வளர்ந்த பிறகு பலருக்கு அது குறைந்துவிடும், குறைந்ததை இந்த மாத்திரை கொஞ்சம் ஈடுகட்டும்.]

வீட்டுக்கு வந்ததும் புட்டியில் இருந்ததை மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினார். ஏற்ற இறக்கம், மூச்சு, எல்லாம் கச்சிதம். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. "பிரமாதம்" என்றார் மனைவி. இருவரில் ஒருவருக்கும் ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை. வாசிப்பது அவர் தொழில்; கேட்டுப் புரிந்துகொள்வது அடுத்தவர் வேலை.

மறுநாளிலிருந்து மாத்திரை ஆரம்பமாயிற்று. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, ஹெட்போனை மாட்டி, தொண்டையைச் செருமி, மாத்திரையை விழுங்குவார். அவர் வாழ்க்கையில் முக்கியமான எல்லாமே ஒலிவாங்கிக்கு முன்னால்தானே நடந்திருக்கிறது?

பாத்திரம் தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை.

4

இவ்வளவு படித்த மனிதர் இப்படி இருப்பாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. கொஞ்சம் புத்திசாலியாக்கிப் பார்த்தேன். கதை இரண்டாம் பகுதியிலேயே முடிந்துவிட்டது. மன்னிக்கவும், பழைய வெண்கலமே தொடர்கிறார்.

வியாழக்கிழமை. "அத்தான், குரலைச் சரிபார்க்கணும், ஏதாவது படிங்க" என்றான் மைத்துனன். கையிலிருந்தது புட்டி. சாகப்போகும் அரசனின் குரலில் வாசித்தார்:

"பால், பால் பொருள்களை... உண்ணத் தொடங்கும்போது... முதல் வாயுடன்..."

நின்றுவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் குரல் சொன்னதைத் தானே கேட்டிருந்தார்.

"என்னத்தான்? வயிறுகூட இன்னும் வரலையே, அதுக்குள்ள நிறுத்திட்டீங்க?"

"டேய், இதைப் பாலோட சேர்த்துப் போடணுமாம்டா."

"நீங்க எப்பப் போடறீங்க?"

"இங்க வந்துதான்."

"பால்?"

"விடியக்காலை."

"சரியாப் போச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள திருடன் அடுத்த ஊருக்கே போயிட்டான்! பேசாம பாலை விட்டுத் தொலைங்களேன்."

"பாலை விட்டா குரல் போயிடும்டா."

"யாரு சொன்னது?"

வெண்கலம் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான்தான்" என்றார்.

5

வெள்ளிக்கிழமைக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

முதலாவது: வயிறு ஜெயிக்கிறது, கணினி வருகிறது, வெண்கலம் வாசலில் கைக்கடிகாரத்தை மாட்டிக்கொண்டு... வேண்டாம். அதற்குமேல் எழுத எனக்கே மனம் வரவில்லை.

இரண்டாவது: நாவலாசிரியரே ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்து... இதுவும் வேண்டாம். நாவலாசிரியர்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை.

ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். விடியற்காலையில் பாலின் முதல் வாயோடு மாத்திரை உள்ளே போயிற்று. பதிப்பாளர் அம்மாள் நேரில் வந்து உட்கார்ந்தார். மைத்துனன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்தி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றுக்காகக் காத்திருந்தான்.

அரசன் பேசினான். மௌனம். மறுபடி பேசினான். பெரிய மௌனம். வயிறு வாயைத் திறக்கவில்லை. கடைசி மூச்சை வெண்கலம் விட்ட விதத்தில், அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதிப்பாளர் அம்மாள் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டார்.

"கணினியெல்லாம் வேண்டாம் சார்" என்றார், நிமிர்ந்ததும். "இன்னும் பத்துப் புத்தகம் இருக்கு, எல்லாம் நீங்கதான். இப்ப எடுத்ததைக் கையோட குடுங்க, நான் கிளம்பறேன்."

வெண்கலம் வெளியே வந்து மைத்துனனைப் பார்த்துக் கையை நீட்டினார். மைத்துனன் கண்ணைத் திறந்து, எதிரிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியின் பலகையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

இதற்குமேல் முடிவு உங்களுடையது. சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அரசனுக்கு இன்னொரு சாவு தாங்குமா, வயிறு அதுவரை பொறுக்குமா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வேண்டிய தகவல் ஒன்றுதான் பாக்கி.

மைத்துனன் பதிவுப் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.