பாதரசம் பட்ட தாலி

தங்கம் எதனோடும் சேராது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி மெட்டில்டா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். அவள் திருத்தும் விடைத்தாள்களைப் பார்த்துப் பார்த்தே எது சீக்கிரம் வினைபுரியும் என்ற உலோக வரிசை எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. உச்சியில் பொட்டாசியமும் சோடியமும். தண்ணீர் பட்டாலே தீப்பிடித்துக்கொள்ளும் முன்கோபிகள். நடுவில் துத்தநாகம், இரும்பு. கீழே பாதரசம், வெள்ளி. எல்லாவற்றுக்கும் அடியில் தங்கம். "தங்கம் மாதிரி இருங்கடா, யார் வந்து சீண்டினாலும் மாறாதீங்க" என்று வகுப்பில் சொல்வாளாம்.

2006 மழைக்காலம். சிட்லபாக்கத்தில் வீட்டுக்கு வீடு சிக்குன்குனியா. எங்கள் மகள் சுஜிக்கு ஏழு வயது, அவளுக்கும் காய்ச்சல். மெட்டில்டா தெர்மாமீட்டரை உதறியபோது அது கட்டில் விளிம்பில் பட்டு உடைந்தது. பாதரசம் குட்டிக் குட்டி மணிகளாகக் கட்டிலுக்கடியில் ஓடியது. பிள்ளை இறங்கி மிதித்துவிடப் போகிறதே என்ற பதற்றத்தில் அவள் குப்புறப் படுத்து, ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையால் அதைக் கூட்டிச் சேர்த்து, தண்ணீர் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு மூடினாள். 'விஷம், தொடாதே' என்று எழுதி ஒட்டவும் மறக்கவில்லை. கழுத்தில் கிடந்ததைத்தான் மறந்துவிட்டாள்.

டாக்டரிடம் போய்வந்து முகம் கழுவும்போதுதான் பார்த்தாள். புறா பொறித்த தாலியும் அதையொட்டி நாலு விரல் நீளத்துக்குச் செயினும் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தன.

அவள் சிரித்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன், நகையைக் கழட்டிட்டு அள்ளணும்னு எனக்குத் தோணல பாருங்க. பாதரசத்துல தங்கம் கரையும். இரசக்கலவைன்னு புக்லயே இருக்கு. சூடு பண்ணினா பாதரசம் ஆவியாப் போயிடும், தங்கம் அப்படியே நிக்கும். வீட்ல பண்ணக்கூடாது, அந்தப் புகை விஷம். ஒரு நகைப் பட்டறையில குடுத்து வாங்கிட்டு வாங்க."

அம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "பத்து வருஷமா கழுத்துல கிடந்த தங்கம் ஒரே நாள்ல வெளுக்குமாடா, அசரியா? கவரிங்தான் வெளுக்கும்" என்றாள். என்னிடம் சொல்வதுபோல, ஆனால் மெட்டில்டாவுக்குக் கேட்கும்படி. "கூடுவாஞ்சேரியில கடையை மூடிட்டு நிக்கிறானே அவ தம்பி ஸ்டெபின், அவன் போன மாசம் ரெண்டு தடவை வந்துட்டுப் போனான். எல்லாம் நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்."

மெட்டில்டா என்னைப் பார்த்தாள். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வரி. அதை விட்டுவிட்டு, சுஜியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "சனிக்கிழமை எடுத்துட்டுப் போறேன்" என்றேன்.

"நீங்க நம்புறீங்கல்ல?"

"சே, என்ன பேச்சு இது" என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

எனக்கு மறைமலை நகரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடமாட்டேன் என்று எனக்குள் ஒரு கர்வம் உண்டு. போல்ட்டுக்கும் பெண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவனை என்னவென்று சொல்வது?

சனிக்கிழமை மேற்குத் தாம்பரத்தில் இறங்கியவன் பட்டறைக்குப் போகவில்லை. தங்கத்தின் தரம் பார்க்கும் மெஷின் வைத்திருந்த பெரிய நகைக்கடைக்குள் முதலில் நுழைந்தேன். தாலியை உள்ளே வைத்து மூடி, ஒரு சீட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். மணி 11.10. தங்கம் 61.4 சதவீதம்.

"மேல ஏதோ படிஞ்சிருக்கு சார். மெஷின் மேலாகத்தான் பார்க்கும். சுத்தம் பண்ணிட்டு வாங்க" என்றாள் அங்கிருந்த பெண். என் காதில் அந்த எண் மட்டும்தான் விழுந்தது. பட்டறைக்குப் போகும் வழியெல்லாம் ஸ்டெபினைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். அவனுக்கு எப்போது கொடுத்திருப்பாள், எந்தக் கடையில் இதை மாற்றியிருப்பாள் என்றெல்லாம் மனசு கூச்சமில்லாமல் கதை கட்டியது.

பட்டறை வைத்திருந்த வைத்தீஸ்வரன் தாலியைக் கையில்கூட வாங்கவில்லை. பார்த்த பார்வையிலேயே சொன்னார்: "இன்னா சார், பாதரசம் பட்டுக்கீதே. வூட்ல யார்னா தெர்மாமீட்டர ஒடச்சிட்டாங்களா?"

முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு ஒரு நொடியில் புரிந்தது.

"நீ அப்பால போய் நில்லு சார். இந்தப் புகை ஒடம்புக்கு ஆவாது" என்று என்னை விரட்டிவிட்டு, அவர் கொல்லைப்புறம் வைத்து ஊதுகுழலால் தாலியைச் சூடாக்கினார். வெள்ளை மெல்ல மெல்லப் போனது. செங்கல் நிறத்தில் மங்கலாக ஏதோ மிஞ்சியது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தார். புறா மறுபடியும் மஞ்சளாக எழுந்து வந்தது.

"நயம் தங்கம் சார். எவன்னா எதுனா சொன்னான்னா நம்பாத" என்றார்.

நான் அப்படியே வீட்டுக்கு வந்திருக்கலாம். கண்ணால் பார்த்தாயிற்று, கையில் தங்கம் இருக்கிறது. ஆனால் கால் மறுபடியும் நகைக்கடைக்குத்தான் போனது. இரண்டாவது சீட்டு. மணி 12.40. தங்கம் 91.2 சதவீதம்.

வீட்டில் தாலியைக் கொடுத்து, "நீ சொன்ன மாதிரியேதான்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பட்டறையில் என்ன செய்தார்கள், நிறம் எப்படி மாறியது என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். சுஜியை மடியில் போட்டுக்கொண்டு அவளுக்கும் விளக்கினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சர்ச்சுக்குக் கிளம்பும்போது இரண்டு சீட்டையும் வெள்ளைச் சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டேன். அம்மா ஏதாவது சொன்னால் எடுத்து முகத்துக்கு நேரே நீட்டிவிடலாம் என்று திட்டம். அம்மா சொன்னாள். மெட்டில்டாவின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "புதுசாச் செஞ்சு போட்டாச்சாக்கும். பெண்டாட்டி மானத்தை நல்லாக் காப்பாத்துற" என்றாள்.

மெட்டில்டா என் பக்கம் திரும்பினாள். என் கை பைக்குப் போனது. சீட்டை அம்மாவுக்குக் காட்டினால் மெட்டில்டாவுக்கும் காட்டியதாகும். நான் அவளைச் சோதித்துப் பார்த்தது தெரிந்துபோகும். கையை இறக்கிக்கொண்டேன். "நேரமாச்சு, வாங்க" என்று வெளியே நடந்தேன். அன்றைக்குப் பிரசங்கம் முழுக்க அவள் தலை நிமிரவே இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் துணி நனைக்கும்போது அவள் கையில் அந்தச் சீட்டுகள் கிடைத்தன. ஈரக் கையோடு கொண்டுவந்து என் முன்னால் நின்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"வெள்ளையா இருந்தப்ப பார்த்தீங்க, சரி. எனக்கு வருத்தம்தான், ஆனா புரியுது. மஞ்சளாத் திரும்பினப்புறம் எதுக்குப் போனீங்க?"

"அம்மாவுக்குக் காட்டலாம்னுதான்..."

"நேத்து காலையில அம்மா சொன்னாங்களே. அப்ப இது உங்க பையிலதான இருந்துச்சு?"

"ம்" என்றேன்.

அவள் சீட்டுகளை மேஜையில் வைத்தாள். காற்றில் பறந்துவிடாதபடி மேலே என் பேனாவை வைத்தாள். பிறகு போய்ச் சட்டையை அலசினாள்.

தாலியை அவள் கழற்றவில்லை. சண்டை போடவில்லை. பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. ஆனால் அடுத்த வாரம் சுஜிக்கு மருந்து வாங்கி வந்தவள் கடைக்காரர் கொடுத்த பில்லை மேஜையில் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்து வர நேரமாகிவிட்டால் சுற்றறிக்கையை எடுத்து வைக்கிறாள். ஸ்டெபினைப் பார்க்கக் கூடுவாஞ்சேரி போய்வந்தால், போகும் டிக்கெட், வரும் டிக்கெட் இரண்டும் மேஜையில் இருக்கின்றன. வேண்டாம் மெட்டில்டா, நான் கேட்கவில்லையே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அன்னிக்கும் நீங்க கேட்கலையே" என்றாள்.