கிரேக்க நூலகத்துக்கு வந்த கடிதங்கள்

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தின் பண்டைய கிரேக்க, ரோம ஆய்வு நூலகத்தைப் பதினொரு ஆண்டுகளாகப் பார்த்துவந்தவர் புஸ்பராணி. 2012இல் அதை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கே படித்துச் சென்றவர்களிடம் ஆதரவுக் கடிதங்கள் கேட்டு வாங்கி நிர்வாகத்திடம் கொண்டுபோனார்.

அவர் திரும்பியபோது ஆய்வு மாணவி துவாரகா வாசலில் காத்திருந்தாள்.

“அன்ரி, கடிதங்களை வாசிச்சவையோ?”

“இல்லைப் பிள்ளை. போன மாசமே முடிவெடுத்திட்டினமாம். வெள்ளிக்கிழமை புத்தகங்களை ஏத்தப் போகினம்.”

“எங்க கொண்டுபோகினம்?”

“ஒரு கிடங்குக்கு. அங்க ஒருத்தரும் போய்ப் படிக்கேலாது.”

துவாரகாவின் ஆய்வு முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. புஸ்பராணி லத்தீன் கல்வெட்டுத் தொகுதிகளை மேசையில் அடுக்கிக் கொடுக்க, அவள் கைபேசியில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தாள். வெள்ளிக்கிழமை ஆட்கள் வந்தபோது மூன்றாவது தொகுதியில் பாதிதான் முடிந்திருந்தது. இன்னும் பதினான்கு கிடந்தன. புஸ்பராணி அவள் கையிலிருந்த புத்தகத்தை மெல்ல வாங்கி, தானே பெட்டியில் வைத்தார்.