ப்ளேயை அழுத்தவும்

'கர்ர்ரக்!'

சகாயராஜ் பாய்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினார். லேட். கம்ப்யூட்டர் கீபோர்டின் வலது ஓரத்திலேயே இருக்கும் கேசட் பெட்டி, நாடாவைச் சேமியா மாதிரி மென்று துப்பியிருந்தது.

"வுட்ரு கண்ணு... வுட்ரு!" மிஷினிடம் கெஞ்சிக்கொண்டே இழுத்தார். நல்லவேளை, அறுபடவில்லை. அறுந்திருந்தால் அவர் மனைவி அமலா இரண்டாவது தடவையும் செத்திருப்பாள்.

மிஷினின் பெயர் ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464. ஆம்ஸ்ட்ராட் என்ற இங்கிலாந்துக் கம்பெனி போட்ட எட்டு பிட் கம்ப்யூட்டர்களில் மூத்தது. பச்சைத் திரை. புரோகிராம் எல்லாம் கேசட்டில்தான். குயிலாப்பாளையத்தில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குச் சமைத்துப்போட்ட அமலா, அவர்கள் ஊரைக் காலி செய்தபோது கேட்டு வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துத் திண்டிவனம் கொண்டுவந்தாள். கல்யாணமான புதுசு. அன்றிலிருந்து சகாயராஜ் வேலை விட்டு வந்து பேசியதெல்லாம் அதனிடம்தான்.

"நான் எதுக்கு உங்களுக்கு? அதயே கட்டிக்கினு குடித்தனம் பண்ணுங்க" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

அவள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. அவள் குரல்கூட இப்போது அவருக்குச் சரியாக ஞாபகம் வருவதில்லை. போன வருஷம் பழைய டிரங்குப் பெட்டியில், கூறைப் புடவைக்கு அடியில் இந்தக் கேசட் கிடைத்தது. மேலே அவளுடைய கோணல் எழுத்து: 'அவருக்கு'.

கள்ளி, எனக்குத் தெரியாமல் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாளா?

அன்றிலிருந்து விடாமல் போட்டுப் பார்க்கிறார். ப்ளேயை அழுத்தச் சொல்லும் திரை. அழுத்துவார். கேசட் சத்தம் வெளியே வராமல் சுற்றும். அவ்வளவுதான். தப்பு என்றுகூடச் சொல்லாது. ஆளில்லாத வீட்டில் அந்தப் பச்சை வெளிச்சத்தின் முன்னால் நாடா தீரும்வரை உட்கார்ந்திருப்பார். பிறகு திருப்பிப் போடுவார்.

இன்றைக்கு மிஷினே அதைக் கடித்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினார். பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை. கலைமதி என்ற பெண் கசங்கிய நாடாவை நீவி, வேறு கூட்டுக்குள் மாற்றினாள்.

"இன்னா பாட்டு சார்?"

"பாட்டு இல்லம்மா, கம்ப்யூட்டர் புரோகிராம். காப்பி மட்டும் எடு, சவுண்டு வெக்காத. கீச்சு கீச்சுனு கத்தும். காது பேஜாராயிடும்."

"கேசட்டுக்குள்ள கம்ப்யூட்டரா? காலங்காத்தால யாரும் கெடைக்கலயா சார் உங்களுக்கு?"

சொல்லிக்கொண்டே சவுண்டைக் கூட்டி, ப்ளேயைத் தட்டினாள். சகாயராஜ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

கலைமதியின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சார், கைய எடுங்க. ஒரு அம்மா பேசறாங்க."

எடுத்தார்.

எங்கோ குக்கர் விசில். அதற்கு மேலே, மிக அருகில், அமலா.

"ஏங்க, நான்தான். இதயும் அந்த மிஷினுக்குள்ள போட்டுக்கினு உக்காந்துடாதீங்க. டேப் ரிக்கார்டர்ல போட்டு, ஒரு தபா நான் பேசறதக் கேளுங்க."