குவைத்துக் காய்

காரிமங்கலத்தில் கிருஷ்ணகிரி ரோட்டோரமாக மாங்காய் மண்டி வைத்திருந்த கவுஸ் பாஷாவுக்கு, வானத்தில் பறக்கிற எதைக் கண்டாலும் ஆகாது. பெங்களூர்ப் பக்கம் போகிற விமானம் மேலே இரைந்தால் போதும், கையிலிருக்கும் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, அதற்கு ஒரு வசவை அனுப்பிவிட்டுத்தான் மறுபடி எடுப்பார். காரணம் இதுதான். அவருடைய ஒரே மகன் ஜமீர், மண்டியில் உட்கார வேண்டியவன், மெட்ராஸில் ஒரு விமானக் கம்பெனியின் சரக்குப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருஷமாகியிருந்தது.

மெட்ராஸையாவது பொறுத்துக்கொள்ளலாம். பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவான். ஆனால் 1975-ஆம் வருஷம் அந்தக் கம்பெனிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரே வருஷத்தில் ஆறு வெளிநாட்டு ஊர்களுக்குப் புதிதாக விமானம் விடப் போகிறார்களாம். முதல் ஊர் குவைத். மே மாதம் கிளம்பும் முதல் விமானத்தில் நம்ம பக்கத்து மாம்பழம் போகிறது, அது அங்கே எடுபட்டால் என்னைக் குவைத்து ஆபீஸிலேயே போட்டுவிடுவார்கள் என்று ஜமீர் எழுதியிருந்தான். எடுபடாவிட்டால் என்ன ஆகும் என்று அவன் எழுதவில்லை. கவுஸ் பாஷா அதைத்தான் நாள் பூராவும் யோசித்தார்.

"புள்ள நல்லா இருந்தா உங்களுக்கு எங்கங்க வலிக்குது?" என்று கேட்டாள் அவர் மனைவி அஸ்கரி பேகம்.

"இங்க என்ன கெட்டுப்போச்சு அவனுக்கு? நாப்பது வருஷமா கட்டின மண்டி. எனக்குப் பின்னால யாரு உக்காருவா? எதிர்ல இருக்கறானே அந்த நஞ்சப்பன், அவனைக் கூப்பிட்டு உக்கார வெக்கட்டுமா?"

நஞ்சப்பன் மண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே. கவுஸ் பாஷாவுக்குக் காய் போட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டவன். இருவரும் முகம் பார்த்துப் பேசி பன்னிரண்டு வருஷமாயிற்று. அந்தப் பெயரைச் சொன்னாலே வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம். அஸ்கரி பேகம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் கடைசியில் கம்பெனி ஆபீசர் ராஜப்பன் காரில் வந்து இறங்கினார். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்தார். டீ வாங்கி வைத்தால் தொடவில்லை. மேஜையில் கிடந்த மாவிலைகளைத் தள்ளிவிட்டு ஒரு பெரிய வரைபடத்தை விரித்தார். மெட்ராஸிலிருந்து சிவப்புக் கோடுகள் கடலைத் தாண்டி ஆறு திசைக்கு ஓடின.

"இதுதான் எங்க திட்டம். குவைத், துபாய், மஸ்கட், சிங்கப்பூர்... ஒவ்வொண்ணா திறக்கப் போறோம்."

"இதுல எங்க ஊரு எங்க இருக்குது?" என்று கேட்டார் கவுஸ் பாஷா.

ஆபீசர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சிரித்தார். "அதெல்லாம் ரொம்பச் சின்ன ஊர் பாய். இந்த மேப்ல வராது."

கவுஸ் பாஷாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மகனையும் கொடு, மாம்பழத்தையும் கொடு, ஆனால் உன் ஊருக்கு ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன் என்கிறான். வந்தவன் மட்டும் அன்று ஒரு வாய் டீ குடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, யாருக்குத் தெரியும்.

"செந்தூரா வேணும். இருநூறு கூடை," என்றார் ஆபீசர். "சாயங்காலம் மெட்ராஸ்ல ஏத்தினா மறுநாள் மதியம் அங்க பெரிய விருந்து. மேஜைக்கே போயிடும். பறிக்கிறது எல்லாம் உங்க பொறுப்பு. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்," என்றார் கவுஸ் பாஷா.

அவருக்குத் தெரியாததா? அந்த ஊர் மண்டிகளில் மாங்காய்க்குப் பக்குவம் சொல்வது போகிற ஊரை வைத்துத்தான். பெங்களூர்க் காய் என்றால் நன்றாக முற்றியது, இரண்டு நாளில் பழுக்கும். பம்பாய்க் காய் அதைவிட இளசு. கல்கத்தாக் காய் இன்னும் இளசு. எட்டு ஒன்பது நாள் கூட்ஸ் வண்டியில் வைக்கோலுக்குள் கிடந்து, போய்ச் சேரும்போது சரியாகப் பழுத்திருக்கும். ஊர் தூரமாகத் தூரமாக, காய் இளசாகும். மரமேறுகிறவன் மரத்தடியில் நின்று ஒரே கேள்விதான் கேட்பான்: எந்த ஊருக்கு? பதில் வந்ததும் ஏறிவிடுவான். எந்த வண்டி என்று கேட்கிற வழக்கமே கிடையாது. இருந்ததெல்லாம் லாரியும் கூட்ஸும்தானே!

மே மாதம் குறித்த நாளில், மொரப்பூர் ரோட்டுத் தோட்டத்தில் பறிகாரர்களின் மேஸ்திரி மாயவன் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"எந்த ஊருக்குங்க பாய்?"

கவுஸ் பாஷா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதைவிடக் கொஞ்சம் அதிகம் எடுத்துக்கொண்டார்.

"குவைத்து."

"அது எங்கங்க இருக்குது?"

"கடலுக்கு அந்தாண்ட."

"அடேயப்பா! கல்கத்தாவுக்கும் மேல போவணுமே." மாயவன் கப்பலை நினைத்தான். விரல்விட்டு நாள் எண்ணினான். "அப்போ ரொம்ப இளசாத்தாங்க இறக்கணும். உள்ள கொட்டை முத்தறதுக்கு முன்னாலயே. சரிங்களா?"

விமானத்தில் போகிறது, நாளை மறுநாளே வாயில் வைக்கப் போகிறார்கள், மரத்தில் பழுத்து விழுகிறதுக்கு முந்தின நாள் காயாகப் பறி என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் போதும். கவுஸ் பாஷா வாயில் கொழுக்கட்டையை அடைத்தவர் மாதிரி நின்றார். பிறகு தலையை ஆட்டினார்.

செந்தூரா ஒரு ஏமாற்றுக்காரக் காய். பிஞ்சிலேயே தோள்பட்டை சிவந்துவிடும். தெரியாதவன் கண்ணுக்கு அது பழம். லாரியில் ஏற்றும்போது கவுஸ் பாஷா ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். பால் பீறிட்டு மணிக்கட்டு வரை வழிந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டார். மெட்ராஸுக்கு லாரி போய்ச் சேர ராத்திரியாகும். போஸ்ட் ஆபீஸுக்குப் போய் மகனுக்கு ஒரு டிரங்க் கால் போட்டிருக்கலாம். போஸ்ட் ஆபீஸ் அரை பர்லாங் தூரம். அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, அன்று நன்றாகவே தூங்கினார். அதைத்தான், இந்தக் கதையைச் சொல்கிற என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஜமீர் பஸ்ஸிலிருந்து இறங்கினான், கையில் தகரப்பெட்டியுடன். அவன் வரப்போவது கவுஸ் பாஷாவுக்குத் தெரியும். வேலை போய்விட்டது என்று கார்டு போட்டிருந்தான். மண்டியில் தன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு, அதற்குப் புதுத் திண்டு தைத்து வைத்திருந்தார். அன்று காலை இரண்டு தடவை அதைத் தட்டிச் சரி பண்ணினார். சந்தோஷத்தில் முகச்சவரம்கூடச் செய்திருந்தார், கிராதகர்.

ஜமீர் உள்ளே வந்தான். உட்காரவில்லை.

"என்னையும் விமானத்துல கூட்டிட்டுப் போனாங்க. குவைத்து விருந்துல முதல் பழத்தை என் கையால நறுக்கினேன்," என்றான். "கத்தி எறங்கல. உள்ள வெள்ளைவெளேர்னு இருந்துச்சு. மூணு நாட்டு ஆளுங்க பாத்துட்டு இருந்தாங்க. ஆபீசர் என்னையப் பாத்தாரு."

"சரி, விடு. அந்த ஆளு ஒரு ஆளா? இந்தா, உன் எடம் அப்படியேதான் இருக்குது. உக்காரு."

"பெங்களூர்ல இருந்து ஒரு நிபுணரைக் கூட்டியாந்து காயைப் பாக்க வெக்கணும்னு கம்பெனியில சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். எங்க அப்பா காம்பை மோந்து பாத்தே நாள் சொல்லுவாரு, அவரு கை பட்ட காயை இன்னொருத்தன் பாக்கறதான்னு சண்டை போட்டேன். அதை எழுதி வாங்கிக்கிட்டாங்க. இப்ப அதை வெச்சுத்தான் அனுப்பிட்டாங்க. இந்தப் பக்கத்து மாம்பழமே வேணாம்னு திட்டத்துல இருந்தும் அடிச்சிட்டாங்க."

கவுஸ் பாஷாவின் கை திண்டின் மேலேயே இருந்தது. மகன் தோற்க வேண்டும் என்று நினைத்தார், நிஜம்தான். ஆனால் தன் பெயரைச் சொல்லித்தான் தோற்பான் என்று நினைக்கவில்லை.

"பறிகாரனுங்க ஏதோ தப்புப் பண்ணிட்டானுங்க," என்றார்.

"மாயவண்ணனை பஸ் ஸ்டாண்டுலயே பாத்தேன்பா. எந்த ஊருன்னு கேட்டாராம். ஊரை மட்டும் சொன்னீங்களாம்."

"வண்டி எதுன்னு அவன் கேக்கலியே."

"கேக்கலதான்," என்றான் ஜமீர்.

குரலை உயர்த்தவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். வீட்டுக்குப் போகிறான், அம்மாவைப் பார்த்துவிட்டு வருவான் என்றுதான் கவுஸ் பாஷா நினைத்தார். அவன் ரோட்டைக் கடந்தான். நஞ்சப்பன் மண்டியில் ஏறினான். நஞ்சப்பன் எழுந்து நின்று, தன் துண்டாலேயே ஒரு ஸ்டூலைத் தட்டிப் போட்டான்.

மகன் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டார், திரும்பிவிட்டான். மாங்காய் வியாபாரம்தான் பார்க்க வேண்டும் என்றார், அதைத்தான் பார்க்கிறான். காலையில் எதிர்ப்பக்கம் அவன் ஏலம் கூவினால் குரல் அப்படியே கவுஸ் பாஷாவின் குரல். இங்கே வந்துகொண்டிருந்த மிச்சத் தோட்டக்காரர்களும் அந்தக் குரலுக்கே போனார்கள். அஸ்கரி பேகம் மதியச் சோற்றை மகனுக்கு முதலில் அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பிறகுதான் இந்தப் பக்கம் வருவாள். தூக்கை வைத்த கையோடு திரும்பிப் போய்விடுவாள். திண்டு வைத்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

மாயவன் மட்டும் விட்டுப் போகவில்லை. அந்த வருஷம் கடைசியாக வருகிற நீலம் மாங்காய்ப் பருவத்தில், கூலியாட்களோடு வந்து மரத்தடியில் நின்றான்.

"எந்த ஊருக்குங்க பாய்?"

"கல்கத்தா."

மாயவன் ஏறவில்லை. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தான்.

"எந்த வண்டியிலங்க?"

முப்பது வருஷமாக அவன் அவரிடம் கேட்காத கேள்வி. பின்னால் நின்ற ஆட்களில் ஒருவனும் சிரிக்கவில்லை. எல்லாரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

"கூட்ஸ் வண்டிதான்டா," என்றார் கவுஸ் பாஷா.

மாயவன் இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் மரத்தில் கால் வைத்தான்.