அமோண்டியின் போனுக்கு ஒரு பூட்டு

ஓலூச் இறந்து பத்து மாதம் ஆன பிறகு, அவனுடைய அடக்கத்துக்காகத் தொடங்கிய வாட்ஸப் குழுவுக்கு அவனிடமிருந்தே ஒரு நடன வீடியோ வந்தது.

அனுப்பியவள் அவன் மகள் அமோண்டி. பதினான்கு வயது. அப்பாவின் போனும் எண்ணும் இப்போது அவளிடம்தான் இருந்தன. கிசுமு நகரத்தில் அவள் படிக்கும் பள்ளி, வீட்டுப்பாடத்தைப் போனுக்குத்தான் அனுப்புகிறது. வேறு போன் வாங்குவதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அம்மா ரிஸ்பாவும் பேசவில்லை.

அடக்கம் முடிந்த அன்றே கலைந்திருக்க வேண்டிய குழு அது. கலைக்கலாம் என்று குடும்பத்தின் மூத்தவர் செப்பனியா சொல்ல வேண்டும், அவர் சொல்லவில்லை. அதனால் முகப்பில் ஓலூச் படம் சிரித்துக்கொண்டிருக்க, உள்ளே உறவினர்கள் ஆடு விற்றார்கள், தேர்தல் சண்டை போட்டார்கள், வழுக்கைக்கு மருந்து சொன்னார்கள். குழு தொடங்கிய பதற்றத்தில் குடும்பத்து எண்களையெல்லாம் வாரிப் போட்டபோது ஓலூச்சின் எண்ணும் உள்ளே போய்விட்டது. தன் அடக்கத்துக்கான ஏற்பாடுகளை முழுவதும் அறிந்த மனிதன் அந்த வட்டாரத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

தோழிகளுக்குப் போக வேண்டிய வீடியோ கை தவறி அங்கே போனது. சீருடையில் நாலு பெண்கள் வகுப்பறைக்குப் பின்னால் இடுப்பை ஆட்டினார்கள். ஆட்டு வியாபாரத்தைப் பத்து மாதமாகப் பொறுத்துக்கொண்ட குழு, இறந்தவனை மகளே அவமதித்துவிட்டதாகக் கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரிஸ்பா வீட்டு வாசலில் மட்டாட்டு வேன் வந்து நின்றது. முதலில் செப்பனியா இறங்கினார். அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அது தெரியும், அவருக்குத் தெரியாது. பிறகு அவர் மனைவி தொர்க்காள். கடைசியில் நடுத் தம்பி மைக்கா, எல்லாருடைய பைகளோடும்.

ரிஸ்பா சோளமாவில் உகாலி கிண்டி, மீன் குழம்பு வைத்திருந்தாள். மீன் தலை மூத்தவர் தட்டுக்குப் போனது. தலை முடியும்வரை யாரும் பேசவில்லை.

"உகென்யாப் பொண்ணே," என்றார் செப்பனியா. ரிஸ்பா பிறந்த ஊர் உகென்யா. கணவன் வீட்டில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. "என் தம்பி செத்தும் ஆடறான்னு ஊரே பேசுது."

"கை தவறிப் போயிடுச்சு, பெரியவரே. அவ அழுது தீர்த்துட்டா."

"அழுகை யாருக்கு வேணும்? கட்டுப்பாடு வேணும்."

மைக்கா தொண்டையைச் செருமினான். "அண்ணே, பிள்ளைங்க போனைப் பூட்டி வைக்க ஒரு ஆப் இருக்கு. எங்க சபையில எல்லாரும் போட்டுட்டாங்க. எத்தனை மணி பாக்குது, எங்க போகுது, எல்லாம் பெத்தவங்க போனுக்கு வந்துடும்."

"எல்லாரும்னா? நம்ம குடும்பத்துல எனக்கு முன்னாடி யாராவது போட்டாங்களா?"

"ஐயோ, உங்களுக்கு முன்னாடி யாருண்ணே போடுவா!"

மைக்கா பயந்ததில் நியாயம் இருந்தது. அந்தக் குடும்பத்தில் வீடு கட்டினாலும் விதைத்தாலும் அறுத்தாலும் மூத்தவன் கைதான் முதலில். போன வருடம் செப்பனியாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது; அவர் எழுந்து வந்து முதல் சோளத்தைப் போடும்வரை தம்பிகளின் நிலம் சும்மா கிடந்தது. மழை காத்திருக்கவில்லை, மழைக்கு முறை தெரியாது. கடைக்குட்டி ஓலூச் வாழ்நாள் முழுவதும் வரிசையில் மூன்றாவதாக நின்றவன். ஒரே ஒரு காரியத்தில்தான் இரண்டு அண்ணன்களையும் முந்திக்கொண்டான். அதை மட்டும் செப்பனியா இன்னும் மன்னிக்கவில்லை.

"நான் அவ அம்மா," என்றாள் ரிஸ்பா. "என் போன்ல போட்டாப் போதாதா?"

"தாராளமாப் போடலாம்மா. முதல்ல நான். அடுத்து மைக்கா. அப்புறம் ஓலூச் இடத்துல நீ. யாரு வேண்டாம்னா?" அவர் பல்லிடுக்கிலிருந்து ஒரு முள்ளை எடுத்தார். "ஓலூச்சோட வருஷ நினைவு நாள் வரைக்கும் பாப்போம். பிள்ளை ஒழுங்கா இருக்குன்னு என் போன் சொன்னா உங்கூடவே இருக்கட்டும். இல்லேன்னா அன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்துடட்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்."

"எனக்கும் முட்டி தேஞ்சு போச்சு. தண்ணி எடுக்க ஒரு கை வேணும்," என்றாள் தொர்க்காள். வளர்ப்பில் அவளுக்கு இருந்த அக்கறை அவ்வளவு வெளிப்படையானது.

ரிஸ்பா தட்டுகளை எடுத்தாள். ஒவ்வொன்றாக, சத்தம் வராமல் அடுக்கினாள். இந்த வீட்டில் இருந்த மூன்று பேரில் ஒருவன் போய்விட்டான். அவளுக்கு மிச்சம் இருப்பது ஒருத்தி.

மேசையில் இரண்டு போன்கள் வைக்கப்பட்டன. செப்பனியாவுடையது சின்னது, முகம் விரிசல் விட்டது. ஓலூச்சுடையது பெரிது. செப்பனியாவின் மூக்குக்கண்ணாடியை அடக்கத்தன்று பந்தலில் யாரோ மிதித்துவிட்டார்கள். தம்பி குழிக்குள் போன நாளில் உடைந்ததை ஏனோ அவர் மாற்றவில்லை. கேட்டால், "எல்லாம் தெரியுது" என்பார். அதனால் எழுத்து பெரிதாகத் தெரிந்த போனை எடுத்துக்கொண்டார். எதில் ஆரம்பித்தால் என்ன, ஆரம்பிப்பது மூத்தவர் கைதானே என்பது அவர் கணக்கு.

"பெரியப்பா, அது என்னோட..." என்றாள் அமோண்டி.

"பெரியவங்க ஆரம்பிக்கும்போது குறுக்க பேசாதே."

மைக்கா ஆப்பை இறக்கிக் கொடுத்தான். திரையில் ஒரு கேள்வி வந்தது. செப்பனியா போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சத்தமாக வாசித்தார். "'நீங்கள் யார்? பெற்றவரா, பிள்ளையா?' கேள்வியைப் பாரு! இந்தக் குடும்பத்துக்கே நான் தகப்பன்டா." பெற்றவர் என்று அழுத்தினார். தன் பெயரை முழுதாகப் போட்டார். கையால் மறைத்துக்கொண்டு ரகசிய எண்ணை அமைத்தார். அது அவர் பிறந்த வருடம். எந்தச் சாவு வீட்டில் பேசினாலும் அந்த வருடத்தில்தான் அவர் பேச்சைத் தொடங்குவார்.

பிறகு தன் போனை அமோண்டி பக்கம் தள்ளினார். "இப்ப உன் முறை. இதுலயும் கேக்கும்."

"பெரியப்பா, இது உங்க போனு."

"நீ யாரு? பெத்தவளா, பிள்ளையா?"

"பிள்ளை."

"அப்ப பிள்ளைன்னு போடு. உன் பேரைப் போடு. வயசைப் போடு. இதுக்குக்கூடவா சண்டை?"

அமோண்டி அம்மாவைப் பார்த்தாள். ரிஸ்பா மைக்காவைப் பார்த்தாள். மைக்காவுக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. நாலு பேர் முன்னால் அண்ணனைத் திருத்துவதா, குடும்பத்தின் ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு ஜன்னல் வழியாகக் கோழிகளைக் கவனிக்கத் தொடங்கினான்.

இப்படியாக, அறுபத்தெட்டு வயதுச் செப்பனியாவின் போன், பதினான்கு வயது அமோண்டி ஆனது. பெற்றவர் பொறுப்பு ஓலூச்சின் போனுக்குப் போனது. அதில் செப்பனியா சட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மைக்கா அழுத்தினான். எட்டு மணிக்கு மேல் போன் கிடையாது. வீடியோ அரை மணி நேரம். பந்தய ஆட்டம் அறவே கூடாது. எங்கே போனாலும் தெரிய வேண்டும்.

"கடுமையாத்தான் இருக்கும்," என்று சொல்லித் தன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஆனா நல்லதுக்குத்தான்."

ரிஸ்பாவுக்கு அன்று அந்தக் குழப்பத்தின் அளவு தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் தெரிந்தது. அமோண்டி எதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்த போன் மணியடித்தது. ரிஸ்பா எடுத்துப் பார்த்தாள்.

"அமோண்டி கால்பந்துப் பந்தயப் பக்கத்தைத் திறக்க அனுமதி கேக்குறாளாம்."

"நானா? நான் இங்க எக்ஸைக் கண்டுபிடிச்சிட்டு இருக்கேன்!"

மறுபடி மணி. "அமோண்டி சந்தைக்குப் பின்னால இருக்கிற மதுக்கடைக்கு வந்து சேந்துட்டாளாம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஓலூச்சின் குழிக்கருகே நின்று, இனிமேல் பீரைத் தொடுவதில்லை என்று பாதிரியார் முன்னால் கையுயர்த்தியவர் செப்பனியா. ரிஸ்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பத்து மாதத்துச் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தாள். சிரித்தபடியே, "கேட்டீங்களா?" என்று பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பினாள். அங்கே துவைத்த துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து அமோண்டி கேட்டாள். "பெரியப்பாகிட்ட சொல்லிடலாமாம்மா?"

"அன்னைக்கே சொல்ல வந்தே. பேசாதேன்னாரு. பெரியவங்க பேச்சைத் தட்டக் கூடாது."

அதன்பின் ஊரில் எட்டு மணியானால் செப்பனியாவின் போன் இருண்டது. சிக்னல் கோபுரம் கெட்டுவிட்டதென்று அவர் கம்பெனிக்காரர்களைத் திட்டினார். காலையில் நேற்றைய கோல்களைப் பார்த்து முடிப்பதற்குள் திரையை மூடிக்கொண்டு ஏதோ எழுத்து வரும். கண்ணாடி இல்லாததால் ஏதோ விளம்பரம் என்று எண்ணி, அடியில் இருந்த ஒரே பொத்தானைக் குத்துவார். கிசுமுவில் மணியடிக்கும். சில நாள் அமோண்டி இரக்கப்பட்டு, பெரியப்பா பிறந்த வருடத்தைப் போட்டு நேரம் கொடுத்தாள். சில நாள் அவளுக்குப் பரீட்சை இருந்தது.

ஆனால் நினைவு நாள் நெருங்க நெருங்க ரிஸ்பாவுக்குச் சிரிப்பு குறைந்தது. செப்பனியா குழுவில் எழுதியிருந்தார்: 'பிள்ளையைப் பற்றி என் போனுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. பூட்டை உடைத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நேரில் பேசிக்கொள்வோம்.' கீழே தொர்க்காள், கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டிருந்தாள். அன்று ரிஸ்பா மகளின் பள்ளிச் சீருடைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு, ஊருக்குக் கொண்டுபோகும் பையில் வைக்காமல் அலமாரியிலேயே அடுக்கினாள்.

நினைவு நாளன்று ஊர் வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். ஜெபம் முடிந்தது, ஆட்டுக்கறி முடிந்தது. செப்பனியா எழுந்து, தான் பிறந்த வருடத்தைச் சொன்னார். பிறகு தம்பியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை. ஓலூச் உயிரோடிருந்தபோது சேமித்து வைத்தவை போல எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன. பிறகு அமோண்டியிடம் வந்தார்.

"இந்தப் பிள்ளைக்கு நாங்க வேலி போட்டோம். வேலியை உடைச்சிட்டா. என் போனுக்கு ஒரு சேதி வரலை. அதனால இன்னைலேருந்து இவ என் வீட்டுல."

"பெரியவரே," என்று ரிஸ்பா எழுந்தாள்.

"உக்காரு, உகென்யாப் பொண்ணே. எல்லாரும் பாக்கட்டும், ஒரு சேதியாவது இருக்கான்னு." அவர் போனை உயர்த்தினார். காலையிலேயே கோல்கள் பார்த்தாகிவிட்டது. திரையை எழுத்து மூடிக்கொண்டது. "பாருங்க, சேதி! வந்துடுச்சு போல. மைக்கா, வாசி."

மைக்கா வாங்கினான். வாசிக்கவில்லை.

"வாய் இல்லையா உனக்கு?"

"'அமோண்டி,'" என்று மைக்கா தரையைப் பார்த்துக்கொண்டு வாசித்தான், "'இன்றைக்கு உன் நேரம் முடிந்தது. கூடுதல் நேரம் வேண்டுமானால் பெற்றவரைக் கேள்.'"

பந்தல் முழுவதும் அமோண்டியைத் திரும்பிப் பார்த்தது. அவள் கையில் சோடாப் பாட்டில்தான் இருந்தது.

"என்னடா உளர்றே? குடு இங்க." செப்பனியா பிடுங்கி, வழக்கம்போல அந்தப் பொத்தானைக் குத்தினார்.

ரிஸ்பாவின் கைப்பையில் மணியடித்தது.

அவள் ஓலூச்சின் போனை எடுத்தாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ஆனால் குரலை உயர்த்தாமல் பேசினாள். "பெரியவர் முப்பது நிமிஷம் கேக்குறாரு. குடுக்கலாமா?"

பின் வரிசையில் யாரோ சோடாவைத் துப்பினார்கள்.

"வேலி உடையலை, பெரியவரே. கெட்டியா இருக்கு. சேதி எல்லாம் இதுலதான் வந்துட்டிருக்கு. அமோண்டி ரெண்டு மாசமா எங்கெங்க போனா, என்னென்ன கேட்டான்னு வாசிக்கட்டுமா? பாதிரியாரும் இருக்காரு."

செப்பனியா பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். தொர்க்காள் விருட்டென்று எழுந்து, "வாசியேன், கேப்போம்," என்றாள். அவளுடைய முட்டி வலி அந்த நேரத்தில் முற்றிலும் குணமாகியிருந்தது.

மூத்தவர் என்றால் சும்மா இல்லை. அவர் போனை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டு, மார்பில் கைவைத்து, பந்தலைச் சுற்றிப் பார்த்தார்.

"நம்ம குடும்பத்துல எதையும் யாரு முதல்ல செய்யணும்?"

"மூத்தவர்," என்றது பந்தல், பழக்கத்தில்.

"விதைச்சாலும்?"

"மூத்தவர்."

"அப்ப பூட்டுன்னாலும் மூத்தவன்தானே முதல்ல மாட்டிக்கணும்? நான் போட்டுக்காம பிள்ளைங்க மேல எப்படிப் போடுவேன்? அதான் என் போன்லயே போட்டேன். ரெண்டு மாசமா அந்தக் கஷ்டத்தை நானே பட்டேன். எதுக்கு? உங்களுக்காக!"

கைதட்டல் எழுந்தது. சில கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைக்காவும் தட்டினான், மற்றவர்களைவிட வேகமாக.

"அப்ப அமோண்டி?" என்றாள் ரிஸ்பா. உட்காரவில்லை.

"அவ முறை எப்ப வரும்? எனக்கு அப்புறம் மைக்கா. மைக்காவுக்கு அப்புறம் மைக்கா பசங்க நாலு பேரு. அது வரைக்கும் பிள்ளை அம்மாகூடவே இருக்கட்டும். படிக்கட்டும். வாசிக்கிறது கீசிக்கிறதெல்லாம் இப்ப எதுக்கு? டீயை ஊத்தும்மா."

ரிஸ்பா டீயை ஊற்றினாள். மூத்தவருக்கு முதலில், சர்க்கரை தாராளமாக.

கைதட்டிக்கொண்டிருந்த மைக்காவின் கைகள் அப்போதுதான் நின்றன. அமோண்டி அவன் முன்னால் வந்து, மரியாதையாக இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மைக்கா பெரியப்பா, உங்க போனு."

திரும்பி வருகிற வேனில் அமோண்டி அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். ஏரிப் பக்கம் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. குழுவில் செப்பனியாவின் செய்தி வந்திருந்தது: 'என்னை முதலாகக் கொண்டு நம் குடும்பம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது.' அதன் கீழே பாராட்டுகள், ஓர் ஆடு விற்பனைக்கு, மறுபடி பாராட்டுகள்.

மணியடித்தது.

"அம்மா, அமோண்டி முப்பது நிமிஷம் கேக்குறா."

"பத்து குடு."

அமோண்டி கொடுத்தாள். பிறகு குழுவைத் திறந்து, பெரியப்பாவின் செய்திக்கு ஒரு கட்டைவிரல் போட்டாள். மூன்றாவதாக நின்றவன் பெயர் அங்கே வந்தது: ஓலூச், கட்டைவிரலை உயர்த்தியபடி.

"அழிச்சிடவாம்மா?"

"இருக்கட்டும்," என்றாள் ரிஸ்பா.