பத்து லட்சத்துக்குப் பத்துக் குறைவு

என் ஓரகத்திக்கு, அதாவது வீட்டின் பெரிய மருமகளுக்கு, இரண்டு திறமைகள் உண்டு. வெள்ளைச் சட்டையில் கொட்டிய மையை, கொட்டிய தடமே தெரியாமல் எடுத்துவிடுவாள். இன்னொன்று, எலி ஓட்டுவாள். முதலாவதை நான் மனதாரப் பாராட்டுவேன். இரண்டாவதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு வயிறு எரியும்.

எலி என்றால் நிஜ எலி இல்லை. எங்கள் சலவைக் கடையின் மூலையில் ஆளுயரத்துக்கு ஒரு பழைய விளையாட்டு மெஷின் நிற்கிறது. திரையில் சந்துபொந்தாக ஒரு கோட்டை. அதற்குள் ஒரு எலி ஓடி ஓடித் தானியம் பொறுக்கும், நான்கு பூனைகள் துரத்தும். தானியம் ஒன்றுக்குப் பத்துப் புள்ளி. மூலையில் கிடக்கும் மணியை எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்துக்குப் பூனைகள் எலியைக் கண்டு பயந்து ஓடும். அப்படியொரு மணி என் வாழ்க்கையில் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

துணி துவைத்து வரும் நாற்பது நிமிடம் வாடிக்கையாளர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று மாமனார் எங்கிருந்தோ வாங்கிப் போட்டது அது. அவர் போய்ச் சேர்ந்தார், மெஷின் போகவில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் ஆடியவர்களின் பட்டியல் அழிந்துவிடும் என்பதால், ஒன்பது வருடமாக அதன் பிளக்கை யாரும் பிடுங்கியதில்லை. கரண்ட் போனாலும் நிற்காதபடி இன்வெர்ட்டரில் இணைத்து, சுவரில் பிளக்கைச் சுற்றி டேப் ஒட்டி, "தொட்டால் கை இருக்காது" என்று மாமனார் எழுதியே வைத்திருந்தார்.

கடைக்கு வாரத்தில் ஏழு நாளும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருமகள்களில் ஒருத்தி வந்தால் போதும். யார் வருவது? ஆரம்பத்தில் நீ இந்த வாரம், நான் அடுத்த வாரம் என்று ஒழுங்காகத்தான் போனது. பிறகு நீ போன மாதம் ஏமாற்றினாய், நான் உனக்காக இரண்டு தடவை வந்தேன் என்று வளர்ந்து, ஒரு நாள் நான் ஈரப் போர்வையை எறிய, அவள் ஸ்டார்ச் வாளியைக் கவிழ்க்க, நடுவில் நின்ற மாமனார் கஞ்சியில் குளித்தார். அந்தக் கோலத்திலேயே தீர்ப்பும் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினில் யார் பெயர் முதலில் இருக்கிறதோ அவளுக்கு ஞாயிறு விடுமுறை. விட்டுக்கொடுப்பது, மாற்றிக்கொள்வது, கெஞ்சுவது எதுவும் கிடையாது. அதிலிருந்துதானே சண்டையே வந்தது!

பெயருக்கு மெஷின் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துதான் கேட்கும். பெரியவள் பொறுமையில்லாமல் முதல் எழுத்தையே மூன்று தடவை அழுத்தினாள். நான் வீம்புக்குக் கடைசி எழுத்தை மூன்று தடவை. நான்கு வருடமாக முதலிடத்தில் அவளுடைய மூன்று எழுத்து, 9,98,420 புள்ளியோடு, என்னைப் பார்த்துப் பல்லிளித்துக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை எனக்கு இஸ்திரிப் பெட்டியோடுதான்.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஞாயிறுதோறும் அவளை அவள் அப்பா நீச்சலுக்குக் கூட்டிப் போவார். அவள் தண்ணீருக்குள் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அவளுடைய ஈரத் துண்டைத்தான் தெரியும், அதையும் நான்தான் துவைக்கிறேன். அந்த ஞாயிறு அவளுக்கு முதல் போட்டி. "நீ வரமாட்டல்ல?" என்று கேட்டாள். வருவாயா என்று கூடக் கேட்கவில்லை பாருங்கள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் நின்றேன். ஒருத்தி ஆடும்போது மற்றவள் முணுமுணுக்காமல் இரண்டு பேர் வேலையையும் பார்க்க வேண்டும், அதுவும் மாமனார் சட்டம்தான். பெரியவள் என்னையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஓட்டல் மேஜை விரிப்பு மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கல்லாவில் மாமியார், துணி வாங்கும் சீட்டுகளைக் கிழித்துக்கொண்டே, "மூணு எலி முடிஞ்சதும் வந்துருவா" என்றார்.

அன்றைக்கு என் கைக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பூனைகள் எந்தச் சந்தில் திரும்பும் என்று முன்கூட்டியே விரல் அறிந்தது. இரண்டு மணிக்கு நான்கு லட்சம். மூன்று மணிக்கு ஆறு. வாடிக்கையாளர்கள் துவைத்த துணியை எடுக்காமல் என் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். சீருடையை உலர்த்தப் போட்டிருந்த ஒரு பஸ் டிரைவர், பனியனோடு நின்று, "ரைட்ல போங்க, ரைட்ல, போலாம் போலாம்" என்று வண்டி ஓட்டினார். அவர் சொன்னதைக் கேட்டு ஒரு எலி போனது. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்க நான் விடவில்லை.

நாலரை மணிக்குக் கையில் கடைசி எலி. எண் 9,98,420-ஐத் தாண்டியது. டிரைவர் விசில் அடித்தார். நான் அவளை ஜெயித்துவிட்டேன்! அந்த நிமிடமே எலியைச் சாகவிட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அது போதவில்லை. நான்கு வருட வயிற்றெரிச்சல் பத்து இருபது புள்ளியில் அடங்குமா? பத்து லட்சம் வேண்டும் எனக்கு. அவள் ஜென்மத்துக்கும் எட்ட முடியாத எண்ணாக அது அங்கே நிற்க வேண்டும்.

இஸ்திரி மேஜையிலிருந்து பெரியவள் குரல் கொடுத்தாள். "போதும்டி. எலியப் பூனைகிட்ட விட்ரு."

"ஏன், எரியுதா?" என்றேன் திரும்பாமலே.

"சொன்னாக் கேளு. இப்பவே விட்ரு."

"நீங்க உங்க வேலையப் பாருங்கக்கா."

"அடியே, கிறுக்கி! விடுடி அத!"

அவள் குரல் உடைந்தே போனது. எனக்கு அதைவிட இனிப்பான சத்தம் வேறு கிடையாது. நான்கு வருடமாக இந்தக் குரலைக் கேட்கத்தானே காத்திருந்தேன். 9,99,900. 9,99,950. கும்பல் ஒவ்வொரு தானியத்தையும் சத்தமாக எண்ணியது. 9,99,990. அடுத்த தானியத்தை எலி தின்றது.

பூஜ்ஜியம்.

பத்து லட்சத்துக்கு ஏழு இலக்கம் வேண்டும். அந்த மெஷினுக்கு இருப்பது ஆறுதான். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்ற நேரத்தில், தானாக முப்பது தானியம் பொறுக்கிவிட்டு எலி நேராகப் பூனை வாயில் போய் விழுந்தது. முந்நூறு புள்ளி. மெஷின் என் எழுத்தைக்கூடக் கேட்கவில்லை. பட்டியலில் கடைசி ஆளே இருபதாயிரம் வைத்திருந்தான்.

"அம்மா, இவங்க பத்து லட்சம் எடுத்தாங்க. நான் பார்த்தேன்" என்றார் டிரைவர். நல்ல மனிதர், எலியைக் கொன்றாலும்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் படித்தார். "நீ பார்த்தத மெஷின் பார்க்கலையேப்பா. மேல பெரியவதான் இருக்கா."

அழுகை வந்துவிட்டது. பெரியவள் முன்னால் அழுவதைவிடச் சுடு இஸ்திரிப் பெட்டியைக் கட்டிப்பிடிக்கலாம் என்று, துணி மடிக்கிற உள் அறைக்குப் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கும் இதேதான் ஆச்சு. கடையில யாருமில்ல, அதனால மானம் தப்பிச்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"போட்டிக்காரிகிட்ட எவளாவது சொல்வாளா?" என்றவள், என் கையிலிருந்த தலையணை உறையைப் பிடுங்கி அவளே மடித்தாள். "இன்னைக்குச் சொன்னேன்ல. தொண்டை கிழியச் சொன்னேன். புள்ள என்கிட்ட வந்து கேட்டா, பெரியம்மா, அம்மா ஒரு தடவையாவது ஜெயிப்பாங்களான்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. என் மகள் என்னிடம் கேட்காததை இவளிடம் கேட்டிருக்கிறாள். பெரியவள் உதவ வந்த ஒரே நாளில் நான் அவளை வயிற்றெரிச்சல்காரி என்று நினைத்துக் கொண்டாடியிருக்கிறேன். "நாளைக்கு நீங்களே கடைக்கு வாங்களேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். விட்டுக்கொடுப்பது கிடையாது, கெஞ்சுவது கிடையாது. மாமியார் அந்தச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற விடமாட்டார்.

ஐந்தே முக்காலுக்குப் பெரியவள் ஒரு திரைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் போனாள். "இதுக்கு ரெண்டாவது பெட்டியும் சூடு பண்ணணும். பிளக் பாயிண்டே இல்ல" என்று கடைக்கே கேட்கும்படிச் சொன்னாள். கடையில் பிளக் பாயிண்ட் பதினோரு இடத்தில் இருக்கிறது. அவள் குனிந்து, ஒன்பது வருட டேப்பைப் பரபரவென்று உரித்து, பிளக்கைப் பிடுங்கினாள். திரை செத்தது.

"அய்யய்யோ, கை தவறிடுச்சு" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுதியிருந்தபடி அது போய்விடவில்லை.

மீண்டும் செருகியதும் பட்டியலில் பத்து பூஜ்ஜியங்கள் வந்து உட்கார்ந்தன. அவளுடைய நான்கு வருடமும் போயேபோய்விட்டது. மாமியார் சீட்டு கிழிப்பதை நிறுத்தியிருந்தார். பெரியவள் என்னைப் பார்த்து, "என்னடி மரமாட்டம் நிக்கிற? ஆடு" என்றாள்.

ஆடினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் பூனை எது, சுவர் எது என்றே தெரியவில்லை. 1,870. நான்கு வருடத்தில் என் மட்டமான ஆட்டம் அதுதான். அடுத்து அவள் முறை. அவள் மெஷினின் கைப்பிடிக் குச்சியைப் பிடித்தாள். எலி மூன்று தானியம் பொறுக்கிவிட்டு, அத்தை வீட்டுக்குப் போவதுபோல நிதானமாக நடந்து பூனையிடம் போய் நின்றது. இரண்டாவது எலியும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. மொத்தம் தொண்ணூறு.

மணி ஆறடித்தது. மாமியார் எழுந்து வந்து திரையைப் படித்தார். பிறகு பெரியவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லா விளையாடுற" என்றார் அவளிடம். கடையைப் பார்த்து, "சின்னவ. நாளைக்கு லீவு" என்றார்.

ஞாயிறு காலை என் மகள் ஆறு பேரில் ஐந்தாவதாக வந்தாள். வாஷிங் மெஷினில் மாட்டிய சாக்ஸ்போல அப்படியொரு உதறல்! கரையைத் தொட்டதும் எத்தனையாவது என்று பார்க்காமல், நான் உட்கார்ந்திருக்கிறேனா என்றுதான் முதலில் பார்த்தாள். நான் கத்தியதில் பக்கத்து வரிசைக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை ஒரு நன்றியாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டே கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் கண் மெஷினுக்குத்தான் போனது. முதலிடத்தில் அந்த மூன்று எழுத்து மறுபடியும் பல்லிளித்தது. 9,99,980.

"அக்கா!"

"என்னடி?" என்றாள், காலர் ஒன்றைத் தேய்த்தபடி. "நேத்து கடையில ஈ கூட இல்ல. மூணு பேர்தான் வந்தாங்க. சும்மா உட்கார முடியுமா?"

"கொஞ்சமாவது ஈவு இரக்கம் இருக்கா உங்களுக்கு?"

"இல்லாமலா? கண்ணைத் திறந்து பாரு. ஒரு தானியம் மிச்சம் வச்சிருக்கேன்ல."

பார்த்தேன். உண்மைதான். அதற்கு மேல் அந்த மெஷினால் காட்ட முடிந்த எண் ஒன்றே ஒன்றுதான், 9,99,990. ஒரு தானியம் குறைந்தால் அவளோடு சமம், ஒரு தானியம் கூடினால் பூஜ்ஜியம். பாவி, வேண்டுமென்றேதான் அங்கே நிறுத்தியிருக்கிறாள்.

சொல்ல வந்த நன்றியை அப்படியே விழுங்கிவிட்டேன். ஓட்டல் மூட்டையை அவள் பக்கம் காலால் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு மெஷின் முன்னால் போய் நின்றேன்.