கியரின் மேல் போட்ட பழி

"தொண்ணூறு!" என்றார், சுழல்மேசையை வாங்க வந்த கம்பெனியின் சோதனை அதிகாரி.

கன்ட்ரோல் இன்ஜினியர் பொத்தானைத் தட்டினார். மோட்டாரில் ஓடும் அந்த மேசை வலப்பக்கம் தொண்ணூறு டிகிரி போய், மறுபடி இடப்பக்கம் திரும்பிப் பழைய இடத்தில் நின்றது. திரையில் பிழை பூஜ்யம். ஆனால் மேசைமேல் ஒட்டிய கண்ணாடியில் பட்டுத் திரும்பிய லேசர் புள்ளி, எதிர்ச்சுவரில் போட்ட கோட்டை விட்டு இரண்டு விரல் தள்ளி விழுந்தது.

பட்டறை மேலாளரின் முகம் இஞ்சி தின்ற குரங்கானது. "யார் தப்பு?"

"திரை சரியாத்தான் காட்டுது சார். கியர்தான் லூஸ்." இன்ஜினியரின் வாய் முந்திக்கொண்டது.

கியர் வெட்டியவன் பக்கத்திலேயே நின்றான். பட்டறையில் அவனை 'மைக்ரான்' என்றால்தான் தெரியும்; அப்படியொரு அளவுப் பைத்தியம். இன்ஜினியருக்குத் தங்கை கணவன் வேறு.

"மச்சான், மூணு தடவை அளந்து கொடுத்த கியர் அது. உங்க திரை மோட்டாரைத்தான் பார்க்குது, மேசையைப் பார்க்கலை. அடியில கழட்டிப் பாருங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். சும்மா இருங்க மாப்பிள்ளை!"

அதிகாரியும் கூட வந்தவர்களும் சிரித்தார்கள். மைக்ரான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியேறினான்.

மதியம் இன்ஜினியர் அடித்தகட்டைக் கழற்றினார். மோட்டாரையும் கியரையும் இணைக்கிற கப்ளிங்கில் ஒரு திருகு விரலுக்கே சுற்றியது. 'இப்போதைக்குக் கையால் முடுக்குவோம், அப்புறம் இறுக்கலாம்' என்று காலையில் விட்டது அவரேதான். மோட்டார் துல்லியமாகத்தான் திரும்பியிருக்கிறது; அந்தத் திருப்பம்தான் மேசை வரை முழுசாகப் போய்ச் சேரவில்லை. இறுக்கி ஓட்டினார். புள்ளி கோட்டின்மேல் சொன்னபடி உட்கார்ந்தது.

மேலாளரின் அறைக்கு ஓடினார். "சார், கியர்ல குத்தமே இல்ல. என் தப்பு."

"காலையில இதைச் சொல்லியிருந்தா புண்ணியமாப் போயிருக்குமே! அவன் ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டான்யா. கெஞ்சிக்கூடப் பார்த்தேன். 'என் அளவை நம்பாத இடத்துல எனக்கென்ன வேலை'ன்னுட்டுப் போயிட்டான்."

இன்ஜினியர் மைக்ரானுக்குப் பத்து முறை போன் அடித்தார். எடுக்கவில்லை. பதினோராவதாக அடிக்கப் போனபோது தங்கையே கூப்பிட்டாள்.

"அண்ணா, இவரு வேலையை விட்டுட்டு வந்து உட்கார்ந்திருக்காரு. ஏன்னு கேட்டா வாயைத் திறக்கலை. எவனோ ஏதோ சொல்லியிருக்கான். யாருன்னு விசாரிச்சு, நறுக்குன்னு நாலு வார்த்தை கேளுண்ணா!"

மாப்பிள்ளை காட்டிக்கொடுக்கவில்லை.

"விசாரிக்க ஒண்ணுமில்லம்மா. சொன்னது நான்தான்."

தங்கை மெதுவாகக் கேட்டாள்:

"எல்லார் முன்னாடியுமாண்ணா?"

"ஆமாம்மா."